தூங்குகிற மரத்தைத் தொடக் கூடாது

ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, தெருவில் நின்ற தூங்குமூஞ்சி மரத்தின் கிளை ஒன்று ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வந்து, கட்டிலில் படுத்திருந்த கோமதிநாயகத்தின் நெஞ்சின் மேல் படுத்துக்கொண்டது. வரும்போது ஜன்னல் கம்பியை வளைத்தது. மற்றபடி ஒரு சாமானையும் உடைக்கவில்லை.

கிளை வீட்டுக்குள் வருவது அந்தத் தெருவில் புதிதில்லை. மூன்றாவது வீட்டில் ஒரு கிளை அடுப்பங்கரை வரை போயிருக்கிறது. அவர்கள் அதில் துணி காயப்போடுகிறார்கள். விவரமான கிளை என்றால் சுவர் ஓரமாகப் போகும். இது மூதேவி, நேரே ஆள் மேல் வந்து விழுந்துவிட்டது.

கோமதிநாயகம் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வாய் ஓயாத மனுஷன். கிளை வந்த அன்று, "ஏளா உலகு, பயப்படாத, அது சும்மா இளைப்பாற வந்திருக்கு, ரெண்டு நாள்ல தானா எந்திரிச்சுப் போயிரும், நீ போயி காப்பியப் போடு" என்று ஒரே மூச்சில் சொன்னார். மறுநாள், "காப்பியப் போடு" என்றார். அதற்கு மறுநாள், "காப்பி" என்றார்.

அவர் பெண்சாதி உலகம்மாள் அப்போதுதான் கிளையை உற்றுப் பார்த்தாள். கிளை பருத்துக்கொண்டு வருகிறது. மனுஷனுக்கு மூச்சு சுருங்கிக்கொண்டு வருகிறது. இதைப் புரிந்துகொள்ள பெரிய படிப்பு எதுவும் வேண்டியதில்லை.

அரிவாளை எடுத்தாள். தெருவே ஓடி வந்து அவள் கையைப் பிடித்தது. மரத்தில் அனுமதி இல்லாமல் கை வைக்கக் கூடாது. அடிமரமானாலும் சரி, கிளையானாலும் சரி, ஒரு இணுக்கு ஆனாலும் சரி. சட்டம் அப்படி. நல்ல சட்டம்தான். மரத்தைக் காப்பாற்ற வேண்டாம் என்று எந்தப் பைத்தியக்காரனும் சொல்லமாட்டான். உலகம்மாளே கோடையில் அந்த மரத்துக்குக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியவள்தான். அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் அது இப்போது அவள் புருஷன் மேல் ஏறிப் படுத்திருக்கிறது. நெஞ்சு எரியுமா எரியாதா?

மரக்காப்பு அலுவலகம் கடைத்தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்தது. உள்ளே போனால் ஒரு நீள நடை. நடையின் கடைசியில் அலுவலரின் அறை. உலகம்மாள் நடக்க நடக்க நடை நீண்டது. நின்றால் அதுவும் நின்றது. கோபம் வந்து ஓட ஆரம்பித்தாள். அதுவும் ஓடியது. கடைசியில் இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கி, அறை வாசலில் வந்து சேர்ந்தார்கள்.

அங்கே பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். தன் வீட்டுத் தென்னையில் ஒரு தேங்காய் பறிக்க அனுமதி கேட்டு வந்தவர். தேங்காய் தானாகவே விழுந்துவிட்டது. அதை எடுத்துக்கொண்டு காட்ட வந்திருக்கிறார். காத்திருந்ததில் அது மடியிலேயே முளைத்துவிட்டது.

"இப்பம் இதுக்கும் சேத்து அனுமதி வாங்கணுமாம்" என்றார். தென்னங்குருத்து அவர் தாடையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"நீங்க கோவப்படலியா?" என்றாள் உலகம்மாள்.

"அசையக் கூடாதுன்னு சொல்லியிருக்காவ."

அலுவலர் பெயர் ஞானதிரவியம். தேக்கு மேசைக்குப் பின்னால், தேக்கு நாற்காலியில், தேக்குப் பலகை அடித்த சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அந்த அறையில் இருந்த மரத்தை நட்டு வைத்தால் ஒரு தோப்பு ஆகும்.

"என்ன மரம்?"

"தூங்குமூஞ்சி, சார்."

"எங்க இருக்கு?"

"எங்க வீட்டுக்காரர் நெஞ்சு மேல."

"அது எந்த வார்டு?"

சொன்னாள். அவர் தலையாட்டினார். "மரத்துக்கிட்ட சம்மதம் கேட்டீங்களா?"

"மரம் பேசுமா சார்?"

"பேசாது. அதனாலதான் நாங்க இருக்கோம். நான் நேர்ல வந்து கேக்கணும்."

"இப்பமே வாங்க சார். அவியளுக்கு மூச்சு முட்டுது."

"பகல்ல ஆபீஸ் இருக்குல்லா. பொழுது சாஞ்சு வாரேன்."

பொழுது சாய்ந்து வந்தார். தெருவில் நின்று மரத்தை அண்ணாந்து பார்த்தார். இலைகள் எல்லாம் மடிந்து கூம்பியிருந்தன. தூங்குமூஞ்சி மரம் பொழுதோடு இலையை மடக்கும். பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்.

"தூங்குதே" என்றார் ஞானதிரவியம்.

"எழுப்புங்க சார்."

"தூங்குற மரத்தத் தொடக் கூடாதும்மா. இது சட்டம்கூட இல்ல. உங்க வீட்டுல இதச் சொல்லி வளக்கலையா?"

உலகம்மாளையும் அப்படிச் சொல்லித்தான் வளர்த்திருந்தார்கள். விளக்கு வைத்த பிறகு அவள் முருங்கையில் ஒரு கீரை ஒடித்ததில்லை. கறிவேப்பிலை வேண்டும் என்றால்கூட வெளிச்சத்திலேயே பறித்து வைத்துவிடுவாள். தன் வீட்டு வழக்கத்தையே எடுத்துத் தன் கன்னத்தில் ஒருவன் அறைந்துவிட்டுப் போவான் என்று அவள் நினைத்ததே இல்லை.

அவர் உள்ளே வந்து கோமதிநாயகத்தையும் பார்த்தார். காப்பி குடித்தார். வந்தவனுக்குக் காப்பி கொடுக்காமல் இருக்க உலகம்மாளுக்குத் தெரியாது. அதற்காகப் பிறகு தன்னையே கன்னாபின்னாவென்று திட்டிக்கொண்டாள்.

மறுநாளும் பொழுது சாய்ந்து வந்தார். மரம் தூங்கியது. அதற்கு மறுநாளும் வந்தார். மரம் தூங்கியது. காப்பி நன்றாக இருக்கிறது என்றார்.

கோமதிநாயகத்துக்கு இப்போது பேச்சு இல்லை. தலையணைக்கு அடியில் இருந்த பழைய விசிலை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். ஒரு விசில் என்றால் நிறுத்து. இரண்டு விசில் என்றால் போகலாம், ரைட். முப்பது வருஷம் இரண்டையும் கேட்டுப் பழகிய வீடு அது. உலகம்மாள் கஞ்சி ஊட்டுவாள். வயிறு நிறைந்தால் ஒரு விசில் வரும். விசில் நாளுக்கு நாள் மெலிந்தது. குருவி கத்துகிற மாதிரி ஆகிவிட்டது.

நாலாம் நாள் ஞானதிரவியம் நெற்றியைச் சுருக்கினார். "வெளிய இருக்க மரத்துக்கு நம்பர் இருக்கு. நாப்பத்தேழு. உள்ள வந்த கிளைக்குத் தனி நம்பர் வேணும்லா? நம்பர் இல்லாம எப்படி அனுமதி குடுக்க முடியும்?"

"இத மொத நாளே சொல்ல வேண்டியதுதான சார்?"

"மொத நாள் நீங்க கேக்கலையே."

நம்பர் போடுகிறவன் மாசானம் பகலிலேயே வந்தான். கையில் வெள்ளைப் பெயிண்ட் டப்பா, வாயில் வெற்றிலை. அந்த ஊர் ரோட்டோரத்து மரம் அத்தனைக்கும் நம்பர் போட்ட கை அது. அறை முழுக்க இலை அடைத்து இருட்டிக் கிடந்தது. உலகம்மாள் இவனுக்கும் காப்பி போடப் போனாள். போயிருக்கக் கூடாது.

அடுப்பங்கரையில் இருக்கும்போது ஒரு விசில் கேட்டது. நிறுத்து. பிறகு இன்னொன்று, நீளமாக. நிறுத்து. டம்ளரை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள். மாசானம் பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டிருந்தான். கட்டிலின் கால்மாட்டில் கோமதிநாயகத்தின் வலது முழங்காலுக்குக் கீழே 47-அ என்று ஈரம் சொட்டச் சொட்ட எழுதியிருந்தது.

"ஏல, அது காலு!"

"எந்தக் காலு?"

"அவிய காலு! ஒனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?"

மாசானம் குனிந்து பார்த்தான். தடவியும் பார்த்தான். வெயிலில் நின்று கறுத்து, வெடித்துக் கிடந்த கால். "பட்டை மாதிரில்லா இருந்துச்சு" என்றான்.

"அழி."

"போட்டது போட்டதுதான் யக்கா. நம்பர அழிச்சா மரத்துல கை வச்ச கேஸாயிரும். எனக்கும் புள்ளகுட்டி இருக்கு."

காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டான். அடுத்து உலகம்மாள் அவர் கால் நகத்தை வெட்டப் போனபோது பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலில் நின்று, "அனுமதி இருக்கா?" என்று கேட்டார்கள். ஊருக்குச் சட்டம் தெரிகிற வேகம் இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் தெருவில் கடகடவென்று சத்தம். உலகம்மாள் எட்டிப் பார்த்தாள். ஆட்கள் மிஷின் ரம்பம் வைத்து மரத்தை அறுத்துக்கொண்டிருந்தார்கள். வெளியில் நின்ற நாற்பத்தேழாம் நம்பர் மரத்தை. அடியோடு. அவள் வாசலுக்கு வருவதற்குள் அது சாய்ந்து, துண்டாகி, லாரியில் ஏறிவிட்டது. எதிர்வரிசை மரங்களும் ஏற்கெனவே லாரியில் இருந்தன. தெரு மொட்டையாகி வெயில் பளீரென்று அடித்தது.

தெருமுனையில் பந்தல் போட்டு வளைவு கட்டியிருந்தார்கள். மேடையில் ஞானதிரவியம் துண்டு போட்டுக்கொண்டு நின்றார். வளைவில் பெரிய எழுத்தில் 'மரம் காப்போம் பெருவிழா' என்று இருந்தது.

உலகம்மாள் கூட்டத்தை இடித்துக்கொண்டு மேடைக்குப் போனாள். "எதுக்கு சார் மரத்த வெட்டுனீங்க?"

"வளைவ மறைக்குதுல்லா. பெரிய ஐயா வாராவ. எழுத்து தெரிய வேண்டாமா?"

"ஒரு கிளைய வெட்டுததுக்கு என்னய நாயா அலைய விட்டீங்களே! ஒங்களுக்கு யாரு குடுத்தா அனுமதி?"

"எங்களுக்கு எதுக்கும்மா அனுமதி? நாங்கதான அனுமதி."

அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள். "சரி. மரம் போயிட்டு. கிளை மட்டும் எங்க வீட்டுக்குள்ள கெடக்கு. அத நான் என்ன செய்ய?"

"நம்பர் போட்டாச்சா?"

"போட்டான்."

"நம்பர் இருக்கதத் தொடாதீங்க. நம்பர் இல்லாதது எதுவும் மரம் இல்ல. வெறும் வெறகு. அத என்னமும் செஞ்சுக்கிடுங்க."

இதைச் சொல்லிவிட்டு அவர் மைக்கைத் தட்டிப் பார்க்கப் போய்விட்டார். உலகம்மாள் அவர் சொன்னதைத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். கிளையில் நம்பர் இல்லை. கிளை விறகு. இத்தனை நாள் அவள் புருஷன் மேல் படுத்திருந்தது வெறும் விறகு.

ஓடினாள். கீழத்தெரு தச்சரிடம் கை ரம்பம் வாங்கினாள். கட்டிலில் ஏறி ஒரு காலைச் சுவரில் முட்டுக்கொடுத்து அறுத்தாள். அடிமரம் போன சங்கதி அந்தக் கிளைக்கு இன்னும் தெரியாது. அறுக்க அறுக்கப் பருத்துக்கொண்டே இருந்தது. "பருக்கியா? பரு. நீ எவ்வளவு பருக்கன்னு நானும் பாக்கேன்" என்று சொல்லிச் சொல்லி அறுத்தாள். வாயில் வந்த அத்தனை வசவையும் அதற்குக் கொடுத்தாள். பாதி வசவு கிளைக்கு இல்லை என்பது கிளைக்கே தெரிந்திருக்கும்.

கடைசியில் அது மளுக்கென்று ஒடிந்து இரண்டு பக்கமும் உருண்டது. கோமதிநாயகம் எழுந்து உட்கார்ந்தார். வீட்டில் இருந்த காற்று முழுவதையும் உள்ளே இழுத்தார்.

"ஏளா உலகு, நீ ஒருத்திதாம்ளா மனுஷி, இந்த மரத்துக்கடியில கெடந்து நான் பட்ட பாடு இருக்கே, எந்தப் பஸ்ஸுலயும் எந்தத் திருவிழாக் கூட்டத்துலயும் பட்டதில்ல, மொதல்ல ஒரு காப்பியக் குடு, பெறகு எல்லாத்தயும் வெவரமாச் சொல்லுதேன்" என்றார்.

உலகம்மாள் அழுதாள். சிரித்தாள். காப்பி போடப் போனாள். போயிருக்கக் கூடாது. இந்தக் காப்பியால்தான் அந்தக் குடும்பம் கெட்டது.

திரும்பி வரும்போது கட்டிலும் இல்லை, ஆளும் இல்லை. நாலு பேர் வந்து தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். பெரிய ஐயா ஒரு மரத்துக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். தெருவில் மரம் என்று கணக்கில் மிச்சம் இருந்தது 47-அ ஒன்றுதான்.

நாற்பத்தேழு நின்ற குழியில் கோமதிநாயகத்தை முழங்கால் வரை நட்டிருந்தார்கள். நம்பர் வெளியே தெரியும்படி வலது பக்கம் மட்டும் மண்ணைக் கொஞ்சம் ஒதுக்கியிருந்தார்கள். பெரிய ஐயா வெள்ளிச் செம்பில் தண்ணீர் ஊற்றினார். எல்லாரும் கைதட்டினார்கள். கோமதிநாயகம் வாயில் விசிலோடு நேராக நின்றார்.

கூட்டம் கலைந்ததும் உலகம்மாள் குழிக்குள் இறங்கினாள். "ஏறி வாங்க."

"ஏளா, மரம் நடமாடக் கூடாதுன்னு சொல்லியிருக்காவ" என்றார் அவர், உதடு அசையாமல். "பேசவும் கூடாதாம். இனிமே விசிலுதான்."

"அவன் சொன்னா? ஒங்களுக்கு எங்க போச்சு புத்தி?"

அவர் முப்பது வருஷம் மேலிடத்து உத்தரவு என்றால் கண்ணில் ஒற்றிக்கொண்ட மனுஷன். உலகம்மாளுக்கு அவரையும் நாலு சாத்து சாத்தலாம் போலிருந்தது. ஆனால் நம்பர் போட்டிருக்கிறது.

பொழுதோடு போய்க் கை வைத்தால், "தூங்குது, தொடாத" என்றது தெரு. பகலில் போனால், "அனுமதி இருக்கா?" என்றது. அவர் நிழலில் இரண்டு மோட்டார் சைக்கிள் நிறுத்தினார்கள். யாரோ அவர் இடுப்பில் மஞ்சள் துணி கட்டிக் குங்குமம் வைத்தார்கள். உலகம்மாள் அந்தத் துணியை அவிழ்த்து, கட்டியவள் முகத்திலேயே விட்டெறிந்தாள். மறுநாள் இரண்டு துணி இருந்தது.

அதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பாள். திங்கட்கிழமை மத்தியானம் கஞ்சி ஊட்டும்போது குழியில் என்னவோ வெள்ளையாகத் தெரிந்தது. மண்ணை விலக்கினாள். அவர் கட்டை விரலிலிருந்து நூல் மாதிரி ஒரு வேர் விட்டிருந்தது.

டப்பாவும் கையுமாக அந்த வழியாகப் போன மாசானம் எட்டிப் பார்த்தான். "வேர் புடிச்சிட்டுன்னா பெறகு அனுமதியே கெடையாது யக்கா" என்றான். "இன்னைக்குள்ள எடுத்தாத்தான் உண்டு."

கோமதிநாயகம் அவளைப் பார்த்தார். கண் மட்டும் பழைய கண்ணாக இருந்தது. உலகம்மாள் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். வீட்டுக்குள் போய் ரம்பத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். "நீ கூட வா" என்று மாசானத்தை இழுத்துக்கொண்டு போனாள்.

நடை அவளைக் கண்டதும் நீள ஆரம்பித்தது. அவள் ஓடவில்லை. ரம்பத்தைச் சுவரில் உரசிக்கொண்டே நடந்தாள். நடை கடைத்தெரு தாண்டி, குளம் தாண்டி, சுற்றி வளைந்து அவள் தெருவுக்குப் பின்பக்கமே வந்துவிட்டது. அதற்கு மேல் நீள இடம் இல்லை. வாசல் பெஞ்சில் ஒரு தென்னை மட்டும் இருந்தது. அதன் அடியில் ஒரு ஜோடி செருப்பு கிடந்தது.

ஞானதிரவியம் தேக்கு நாற்காலியில் இருந்தார். பின்னால் ஜன்னலில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

"எங்க வீட்டுக்காரர வெளிய எடுக்கணும். வேர் விட்டுட்டு."

"நல்ல செய்திதான. பொழுது சாஞ்சு வந்து சம்மதம் கேக்கேன்."

உலகம்மாள் ரம்பத்தை மேசை மேல் வைத்தாள். "இந்த மேசைல நம்பர் இருக்கா சார்?"

"இல்ல."

"அப்பம் வெறகு."

மேசையை அறுத்தாள். அவர் தடுக்கவில்லை. சட்டத்தில் இடம் இல்லை. மேசை இரண்டாகி விழுந்தது.

"நாற்காலில?"

"இல்ல" என்றார். எழுந்துகொண்டார். நாற்காலியும் விறகானது. சுவர்ப் பலகை விறகானது. அறையில் அறுக்க வேறு மரம் இல்லை. உலகம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவருக்கு முன்னால் வந்து நின்றாள்.

"சார், ஒங்க மேல நம்பர் இருக்கா?"

ஞானதிரவியம் சட்டைக் கையை மடக்கிப் பார்த்தார். மறு கையையும் பார்த்தார். பேன்ட்டைச் சுருட்டி இரண்டு முழங்காலையும் பார்த்தார். நிதானமாகத்தான் பார்த்தார். எங்கேயும் இல்லை.

"மாசானம்" என்றார். "ஒரு நம்பர் போடு. சீக்கிரம்."

மாசானம் டப்பாவைத் திறந்தான். பெயிண்ட் இருந்தது. ஜன்னலைப் பார்த்தான். பிறகு டப்பாவை மூடிவிட்டான்.

"பொழுது சாஞ்சிட்டு சார். இனிமே எதுலயும் கை வைக்கக் கூடாதுல்லா."

தெருவிலிருந்து விசில் கேட்டது. மெலிந்த விசில்தான், ஆனால் தெளிவாகக் கேட்டது. இரண்டு தடவை.

"ரைட்" என்றாள் உலகம்மாள்.